பெயர் வரும் இடத்தில் ஓர் இருமல்

என் பிரியமுள்ள தௌலத்துக்கு, அக்ஷெஹிரிலிருந்து உன் கணவன் இல்யாஸின் சலாம். நீயும் பிள்ளையும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமாகவே இருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேள். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் ஊரை ஆள்பவரின் பெயரைச் சொல்லி துஆ கேட்பது என் வேலை அல்லவா? போன மாதம் கரமான் அமீரின் பெயரைச் சொன்னேன். பிறகு உஸ்மானியர் ஊரைப் பிடித்தார்கள். அவர்களுடைய சுல்தானின் பெயரைச் சொன்னேன். இந்த வெள்ளியன்று ஊர் யாருக்கு என்று கோட்டையில் இரு தரப்பும் பேசிக்கொண்டிருந்தன, யார் கொடியும் ஏறவில்லை. பள்ளிவாசலுக்கு இரண்டு படைகளும் வந்திருந்தன. வாசலில் செருப்புகளைவிட வாள்கள் அதிகம். பெயர் வரும் இடம் வந்ததும் எனக்கு ஒன்றும் ஓடாமல் பலமாக இருமிவிட்டேன்.

தொழுகை முடிந்ததும் ஒரு கரமான் வீரன், "எங்க அமீர் பேரை என்ன கணீர்னு சொன்னீங்க, ஹோஜா" என்றான். அவன் நகர்ந்ததும் ஓர் உஸ்மானியன் வந்து, "எங்க சுல்தான் பேரைக் கேட்டதும் அவனுங்க மூஞ்சி போன போக்கைப் பாத்தீங்களா?" என்றான். நான் எதையாவது சொன்னேனா என்று எனக்கே இப்போது சந்தேகம்.

இருமலுக்கு நீ காய்ச்சும் முசுக்கொட்டைப் பழப் பாகு ஒரு ஜாடி அனுப்பு. தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அனுப்பு.

கடிதம் கொண்டுவரும் வணிகர் ஒட்டகத்தை எழுப்பிவிட்டார். நம் ஊர் பெய்ஷெஹிரில் இப்போது யாருடைய பெயரைச் சொல்கிறார்கள் என்று மறக்காமல் எழுது. நான் பெயர் சொல்பவரின் எதிரிகள் அழியட்டும் என்றும் வாராவாரம் வேண்டுகிறேன். அந்த எதிரிகளில் நீயும் பிள்ளையும் சேர்த்தியா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இல்யாஸ்