ஹேடோ துறையில் எடுத்த பாட்டுப் படம்

ஹேடோ, போர்ட் பிளேர்
9.3.1969

அன்பு மகன் பன்னீர்செல்வத்துக்கு, அம்மா அன்னம்மாள் சொல்ல உன் தங்கை ருக்கு எழுதுவது. எல்லாரும் சுகம் என்று தொடங்கச் சொன்னேன், இவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதுவரை எழுதலாம். உன் அப்பா தூங்குகிறார், அவருக்குத் தெரியாமல் விளக்கைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். கான்ட்ராக்டர் ஜம்புலிங்கம் உனக்குக் கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டும் வேலை தருகிறார், அடுத்த கப்பலில் வா என்று அப்பா போன கப்பலில் கடிதம் போட்டிருக்கிறார். நீ ஏறாதே.

நீ மெட்ராஸ் போகுமுன், ஆகஸ்டில், சர்க்கார் படக்காரர்கள் வந்து நீங்கள் மூட்டை தூக்கிப் பாடியதை எடுத்தார்களே, அதை இங்கே மைதானத்தில் திரை கட்டி மூன்று நாள் போட்டார்கள். "முதுகு எங்களுது, மூட்டை யாரோடது, மூக்கு மேல வேர்வை ஏன் வருது" என்று பாடிக் கையை நீட்டுகிறாய். உடனே திரை முழுக்க ஜம்புலிங்கம், கைக்குட்டையால் மூக்கைத் துடைக்கிறார். மைதானமே சிரித்தது. தேக்கோ தேக்கோ, பாருங்கடா, முதலாளியையே கேட்டுட்டான் என்று யாரோ கத்தினார்கள். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கம் எழுந்து போகவில்லை. மறுநாளும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் ராத்திரி, உனக்கு எதிர்ப்பாட்டுப் பாடிய திருநாவுக்கரசு கப்பலின் சரக்கறைக்குள் விழுந்து இடுப்பு ஒடிந்தது. கால் வழுக்கியது என்று எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். ஜம்புலிங்கம் தினமும் மீனோடு நம் வீட்டுக்கு வருகிறார். அவர் மன்னித்துவிட்டார் என்று உன் அப்பா நம்புகிறார். படத்து விஷயத்தை ருக்குவே சொல்லட்டும்.

அண்ணா, நான் மூன்று நாளும் பார்த்தேன். நீ பாடும்போது தரை மழையில் நனைந்திருக்கிறது, பின்னால் கப்பல் நிற்கிறது. அவர் துடைக்கும்போது தரை காய்ந்திருக்கிறது, கழுத்தில் மாலை. அது கொடியேற்றின அன்று எடுத்தது. வேறு வேறு நாள், இரண்டு துண்டை ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் உன் பாட்டு நிற்காமல் ஓடுவதால் ஒட்டு தெரியவில்லை. கையை நீட்டச் சொன்னதும் கேமராக்காரர்தானே. அப்பாவிடம் சொன்னேன், நான் கண்ணால பாத்தேன், நீ எனக்குச் சொல்றியா புள்ள என்றார். அதனால் நேற்று ஜம்புலிங்கத்திடமே போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒட்டினதுன்னு எனக்கும் தெரியும்மா, அவங்க சிரிச்சது ஒட்டினது இல்லையே என்றார். பிறகு, அண்ணன் எந்தக் கப்பல்ல வர்றான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மகனே, இந்தக் கடிதம் வரும் கப்பல்தான் திரும்பும்போது அப்பா உன்னை ஏறச் சொன்ன கப்பல். அது அங்கே நான்கு நாள் நிற்கும், அதற்குள் தபால் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீ வராவிட்டால் அப்பாவைக் கேட்பார்கள், அது என் பாடு. வேளைக்குச் சாப்பிடு, தீர்க்காயுசாய் இரு. பதிலை வீட்டுக்குப் போடாதே, மீரான் பாய் கடை விலாசத்துக்குப் போடு. நீ வரவில்லை என்ற ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா அன்னம்மாள்
(கைநாட்டு)