இஷ்பெல் ரேயின் முதல் தட்டு

அக்டோபர் 9, செவ்வாய்

டண்டியில் விடாத மழை. புத்தகக் கடைக்கு வந்த மூன்று பேரில் ஒருவர் நனையாமல் இருக்க வந்தவர். நான்கு மணிக்கு மேக்னஸ் வழக்கம்போல ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தான். பாதி தின்றபின்தான் சொன்னான்: ஊருக்கே திரும்பிப் போகிறானாம். ஷெட்லாந்துத் தீவுக்கு. அம்மாவுக்கு இடுப்பெலும்பு அறுவை முடிந்திருக்கிறது, துறைமுகத்தில் வேலையும் இருக்கிறது.

"எப்ப திரும்பி வருவே?"

"அம்மா நடந்ததும்."

"அவங்க நடக்கலைன்னா?"

"நானும் பக்கத்துல உக்காந்துடுவேன்."

சிரித்தேன். மேசையில் சிந்தியிருந்த பொடியைத் துடைத்தேன். அவன் போனதும் ஷீனா, கடை அவளுடையது, ஆரம்பித்தாள்: "ஏடி, ஒருத்தன் ஊரை விட்டே போறேங்கறான். நீ மேசை தொடைக்கறே!"

வேறு என்ன செய்வது?

அக்டோபர் 11, வியாழன்

பாடகி இஷ்பெல் ரேயை இங்கே தெரியாதவர்கள் இல்லை. எந்த மதுக்கடையிலும் அவளுடைய பாட்டுக்குக் கூட்டமே சேர்ந்து கத்தும். ஆனால் முதல் இசைத்தட்டு, 'ஈரச் சுவர்கள்', ஏழே பாட்டு, அதைக் கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பேட்டிகளில் அவளே அதைப் பற்றிப் பேசுவதில்லை. பத்தொன்பது வயதில், பழைய கோட்டுகளும் குடைகளும் விற்கும் தர்ம நிதிக் கடையில் எனக்கு அது கிடைத்தது. உறையில் தண்ணீர்க் கறை. தட்டின் நடுவில் வெள்ளைக் காகிதம், பாட்டுப் பெயர்கள் மட்டும்.

அதில் அவள் குரல் அடியிலிருந்து வருகிறது. நிலக்கரி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவளின் குரல். மூன்றாவது பாட்டில் ஒருவன் மாடிப்படியில் நிற்கிறான். கதவைத் தட்டாமல் இறங்கிப் போய்விடுகிறான். கடைசி அடிக்கு முன்னால் அவள் நீளமாக ஒரு மூச்சு விடுகிறாள். சொல்லலாமா வேண்டாமா என்று அங்கேதான் முடிவு செய்கிறாள். அந்த மூச்சுக்காகவே எத்தனை முறை கேட்டிருப்பேன்!

இரண்டாவது தட்டிலிருந்து அந்தக் குரல் இல்லை. சிட்டுக்குருவி மாதிரிப் பாடுகிறாள். ஏன் அதை விட்டுவிட்டாள்? நான் அவளை மன்னித்ததே இல்லை.

அக்டோபர் 13, சனி

தட்டை மேக்னஸிடம் கொடுத்துவிட்டேன். "அம்மாகிட்ட ரெக்கார்டு பிளேயர் இருக்குன்னியே. மூணாவது பாட்டைக் கேளு." அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை இஷ்பெல் சொல்லட்டும்.

அக்டோபர் 14, ஞாயிறு

இன்று மேக்னஸ் கிளம்பினான். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

அக்டோபர் 19, வெள்ளி

கேட்டிருப்பானா? சமையலறையில், முழங்கால்களுக்கு நடுவே கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த மூச்சு வரும்போது தலை நிமிரும். புரிந்துவிடும். புரிந்தபின் என்ன செய்வான் என்பதுவரை யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

தட்டு இருந்த இடம் அலமாரியில் ஒரு விரற்கடைகூட இல்லை. கண் அங்கேதான் போகிறது.

அக்டோபர் 23, செவ்வாய்

போன் வந்தது.

"ரோனா, என்னா ரெக்கார்டு! அம்மா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டே ஆடிட்டாங்க!"

"ஆடினாங்களா?"

"உன் மூணாவது பாட்டுக்குத்தான். நானும் ஆடினேன்."

சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இவனுக்குக் காது இருக்கா இல்லையா? அந்தப் பாட்டுக்குப் போய் யாராவது ஆடுவாங்களா? நான் என்னத்தைக் குடுத்தேன், இவன் என்னத்தைக் கேட்டான்? போடா. போய் ஆடு.

அக்டோபர் 28, ஞாயிறு

மறுபடி அவன்தான். "கோவமா?"

"அது ஆடுற பாட்டில்ல, மேக்னஸ். இழவு வீடு மாதிரிப் பாட்டு."

"இதுவா?" போனைப் பிளேயருக்குப் பக்கத்தில் பிடித்தான். துள்ளிக்கொண்டு ஓடும் கிட்டார். மேலே சிட்டுக்குருவி.

"இது இல்ல. ஏதோ தப்பாப் போட்டிருக்கே."

அவன் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "பொண்ணே, என் பேரு இங்கா. இந்த இஷ்பெல் புள்ள எண்பத்தாறுல எங்க ஊர் மண்டபத்துல வந்து பாடுச்சு. இதே வேகந்தான். தட்டாமப் போறான் பாரு மடையன்னு சிரிக்கற பாட்டு இது. பெரிய ரெக்கார்டா இருந்தாலும் இது நாப்பத்தஞ்சுல சுத்தணும். நீ எதுல விட்டே?"

பெரிய தட்டு என்றால் நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று. சின்னதுக்குத்தான் நாற்பத்தைந்து. என் பிளேயரில் அந்த ஸ்விட்சை நான் தொட்டதே கிடையாது.

"முப்பத்துமூணுல," என்றேன்.

பின்னால் மேக்னஸ் சிரிக்கும் சத்தம். நிற்கவே இல்லை. வைத்துவிட்டேன்.

அக்டோபர் 29, திங்கள்

மெதுவாகச் சுற்றினால் குரல் தாழ்ந்துபோகும். அப்படியானால் நான் கேட்ட அவள் இல்லவே இல்லை. அந்தத் தாழ்ந்த குரலில் உலகத்தில் யாரும் பாடியதில்லை. அந்த மூச்சு, எல்லாரும் விடுகிற சாதாரண மூச்சு. மோட்டார் இழுத்து நீட்டியிருக்கிறது. செத்துப்போனவளுக்காவது அழலாம். பிறக்கவே பிறக்காதவளுக்கு?

தன்னிடம் இல்லாத குரலை விட்டுவிட்டதாக ஒன்பது வருடம் இஷ்பெல் ரேமேல் கோபமாக இருந்திருக்கிறேன். இத்தனை புத்தகம் படித்தவள், நகத்தளவு ஸ்விட்சைத் தள்ளிப் பார்க்கவில்லை.

ஆனால் நான் கேட்டேனே. அது பொய்யா?

நவம்பர் 4, ஞாயிறு

மதியம் மேக்னஸின் போன். "ஒண்ணும் பேசாதே. கேளு."

அவள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, போனின் கரகரப்புக்குள், படியேறி வந்தாள். மாடிப்படி. கதவு. அந்த மூச்சு. நான் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டு முடிந்து ஊசி மட்டும் உரசும் சத்தம். அதற்குள் இங்காவின் குரல்: "யாரு வீட்டு இழவுடா இது?"

அவன் என்னிடம் கேட்டான்: "ரோனா, இதையா எனக்குக் குடுத்தே?"

"ஆமா."

"நான் ஆடினேனே."

"ஆடினே."

சிரிக்கவில்லை அவன். ஊசியைத் தூக்கும் சத்தம்.

"பின்பக்கம் போடட்டுமா?"

"போடு."

நவம்பர் 6, செவ்வாய்

ஷீனாவிடம் லீவு கேட்டேன். எத்தனை நாள் என்றாள். தெரியாது என்றேன். கிண்டல் செய்யாமல் நாட்காட்டியை மூடி வைத்தாள்.

நவம்பர் 18, ஞாயிறு. ஷெட்லாந்து, லெர்விக்

காற்று கதவைத் திறக்க விடவில்லை. இங்கா ஒரு கையால் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு உப்பிறைச்சி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். இசைத்தட்டைப் போடும்படி கண்ணைக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "இன்னிக்கு என் வேகமா, உன் வேகமா?"

"உங்க வேகம்."

எனக்கு ஆட வராது. மேக்னஸ் விடவில்லை. இரண்டு முறை அவன் காலை மிதித்தேன், இங்கா கரண்டியால் தாளம் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது பாட்டின் கடைசி அடி நெருங்கியபோது என் காது தன்னால் அந்த மூச்சுக்குக் காத்து நின்றது. இந்த வேகத்தில் அது வருவதற்குள் போய்விடும்.

மேக்னஸ் தானாகவே என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஸ்விட்சை முப்பத்துமூன்றுக்குத் தள்ளினான்.

"டேய், பாட்டுக்கு நடுவுலயா!" என்று கத்தினாள் இங்கா.