நிற்காத மெஷின்

மார்ச் 3, திங்கள்

அறிவிப்புப் பலகையில் புதிய பட்டியல். ஒவ்வொரு பராமரிப்புப் பிரிவும் எவ்வளவு உழைக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். மாதத்தில் எத்தனை பழுது பார்த்தோம் என்பதுதான் அளவுகோல். சோப்புக்கு உறை சுற்றும் எங்கள் பிரிவில் போன மாதம் ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. அந்த மிதப்பில் பெயரை மேலிருந்து தேடினேன். கழுத்து வலிக்கும்வரை கீழே இறங்க வேண்டியிருந்தது.

மார்ச் 5

மேனேஜர் கூப்பிட்டார். "வேலையே இல்லாத இடத்துல எதுக்குய்யா ரெண்டு ஒப்பந்த ஆளு? இந்த மாசமும் இப்படியே இருந்தா நிறுத்திடலாம்."

இரண்டு ஆள் என்றால் ஃபிட்டரம்மாவும் ஆயில் அண்ணனும். பிரிவே அவர்கள்தான், நான் கையெழுத்துப் போடுகிறவன். "அவங்க வேலை செய்யறதாலதான் சார் வேலை இல்ல" என்று நெற்றியில் அடித்த மாதிரி பதில் சொன்னேன் — படியிறங்கி வந்த பிறகு, எனக்கு நானே. அவர் அறையில் சொன்னது "சரிங்க சார்" மட்டும்.

மார்ச் 6

மனைவியிடம் புலம்பினேன். "இங்க நீங்க தொட்டாலே எல்லாம் உடையுது. அங்கயும் போய் ஒரு மெஷினத் தொட்டுட்டு வாங்களேன்."

மார்ச் 7

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் மண்டையைக் குடைகிறது. ஒரு பெல்ட் கொஞ்சம் தளர்ந்தால் யாருக்கும் அடிபடாது, மெஷின் தானாக நின்றுவிடும்... சீ, என்ன புத்தி இது?

மார்ச் 10

செய்துவிட்டேன். இரண்டாம் மெஷின் பெல்ட். ஸ்பானர் கை நழுவிக் கீழே விழுந்து ஊரையே கூட்டியது. ஒரு திருட்டுத்தனத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

மார்ச் 11

மெஷின் ஜம்மென்று ஓடுகிறது. "ரெண்டாவதுல பெல்ட் லூசா இருந்துது சார். இறுக்கிட்டேன்" என்றார் ஃபிட்டரம்மா. "ரொம்ப நல்லதும்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 13

மறுபடி தளர்த்தினேன். மறுபடி இறுக்கிவிட்டார். கூடவே ஆயில் அண்ணன் பேரிங்குக்கு எண்ணெய் வேறு போட்டிருக்கிறார். தங்கள் பிழைப்பில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொள்ள இவ்வளவு சுறுசுறுப்பா! "எல்லாத்தையும் எதுக்கு உடனே உடனே சரி பண்றீங்க?" என்று கத்திவிட்டேன். என்னை டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்பதுபோல் இருவரும் பார்த்தார்கள்.

மார்ச் 14

இருவரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

ஆயில் அண்ணன் வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். கை துடைத்த அழுக்குத் துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார். பார்க்கத் தாங்கவில்லை.

ஃபிட்டரம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. "முட்டி போட்டு ரெண்டு தடவ இறுக்கினேனே சார், அதெல்லாம் கணக்குல வராதா?"

வராது என்று காட்டத்தான் பழுதுக் கணக்கு பற்றிய சுற்றறிக்கையை எடுத்தேன். 'செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு' என்று இருக்கிறது. அந்தச் சீட்டுகளை எண்ணித்தான் பட்டியல். மெஷின் நின்றிருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நின்றால் மட்டும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தது நான். மேனேஜரைத் திட்டித் தீர்த்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 17

இறுக்கினால் ஒரு சீட்டு. எண்ணெய் போட்டால் ஒரு சீட்டு. கை கடுக்கிறது. நான் தளர்த்தியதை அவர் இறுக்கியதற்கு மட்டும் எழுதவில்லை. அவ்வளவு மானமாவது மிஞ்சட்டும்.

ஏப்ரல் 2

முதலிடம்!

மேனேஜர் கூப்பிட்டார். கைகொடுக்கப் போகிறார் என்று சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். "ஒரே மாசத்துல இவ்வளவு கோளாறா? உன் மேற்பார்வை சரியில்லய்யா." ஆட்களை நிறுத்துகிற பேச்சே இல்லை. வேலை அதிகமாம், கூட ஒருவரைத் தருகிறாராம். எனக்கு மட்டும் பயிற்சி வகுப்பு, தேறாத மேற்பார்வையாளர்களோடு. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன். பெரிய தியாகி மாதிரி ஒன்றுமில்லை, பயம்தான். விளக்கினால் மறுபடி ஆட்களை எண்ண ஆரம்பித்துவிடுவாரே.

ஏப்ரல் 8

வகுப்பு. கடைசி வரிசை. ஆசிரியருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். என்னை எழுப்பி, மாதம் எத்தனை பழுது என்று கேட்டார். சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர் பாவப்பட்டுத் தன் பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆள் பத்தலையா சார்?" என்றார் ஆசிரியர்.

"மூணு பேர் இருக்காங்க."

"மூணு பேர் இருந்துமா இப்படி?"

"ஆமாங்க" என்றேன். "மூணு பேரும் இருக்காங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னார்.