கூட்டைப் பார்த்துப் பேர் சொன்னவன்

அன்புள்ள சேகரா,

தோற்றுவிட்டேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

திருக்கழுக்குன்றம் சாலை ஏரிக்கரை, அந்த மாசி மாதத்துச் சாயங்காலம், உனக்கு மறந்திருக்காது. சம்புக் கோரைப் புதரில் தண்ணீருக்கு மேலே தாழ்வாகப் பழைய கூடுகள். அவற்றின்மேல் பழுப்புக் குருவிகள். தூக்கணாங்குருவி பனையில் கட்டும். சம்பில் கட்டுவது அதன் பங்காளி, வரித் தூக்கணாங்குருவி. பருவம் முடிந்தால் இரண்டும் ஒரே பழுப்பு. பங்காளிக்கு மட்டும் மார்பில் கறுப்புக் கோடுகள். சம்பில் கூடு இருக்கிறதே, இன்னும் என்ன சாட்சி? நோட்டில் எழுதச் சொன்னேன்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பறவை நம் நோட்டில் ஏறும். நீ போடவில்லை. மறைமலைநகர் கம்பெனியில் குறையுள்ள பாகங்களைக் கழித்துப்போடுகிற வேலை உனக்கு. டீக்கடையில் அத்தனை பேர் நடுவில் சொன்னாய்: "அண்ணாத்த, இது ரிஜெக்ட். வூட்டப் பாத்துட்டு ஆளு பேரச் சொல்றியே, மாரப் பாத்தியா நீ?"

எல்லாரும் சிரித்தார்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவனைப் பார்த்து!

அன்றோடு உன்னிடம் பேச்சை விட்டேன். நீ செத்த அன்றும் உன் தெருமுனைவரை வந்து திரும்பிப் போனேன். இப்படியும் ஒருவன் இருப்பானா? இருந்தேன்.

இந்த வருஷம் தை மாதத்தில் உன் மனைவி தேவி போன் செய்தாள். "நோட்டு இங்கதான் கீது, வந்து எடுத்துக்கினு போண்ணா. ஒரு எடத்துல குருவி பேர மட்டும் எழுதி, ரெண்டு கையெழுத்துக்கும் எடம் வுட்டு வெச்சிகீறாரு."

அந்தப் பேரை அடித்திருப்பாய் என்றல்லவா நினைத்திருந்தேன். ஏன் அடிக்கவில்லை, சேகரா?

செத்தவனையும் ஜெயிக்க வேண்டும் என்று, அதே மாசியில் அதே ஏரிக்குப் போனேன். இருட்டுவதற்குச் சற்று முன்னால், எதிர்க்கரைப் பனைகளிலிருந்து குருவிகள் கூட்டமாக வந்து சம்பில் இறங்கின. பைனாகுலரில் ஒவ்வொரு மார்பாகப் பார்த்தேன். கோடே இல்லை. பனைக்குருவிகள், ராத்திரி அடைய மட்டும் பங்காளி வீட்டுக்கு வந்தவை.

ஆறு வருஷத்துக்கு முன் அங்கே போனில் பிடித்த படத்தையும் எடுத்தேன். எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன்! கூட்டைத்தான் காட்டியிருக்கிறேன். குருவியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்கும் கோடில்லை.

கரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். நான்தான் சரி என்பதை ஆறு வருஷம் தூக்கித் திரிவது எவ்வளவு பாரம், தெரியுமா? உன் வீட்டுக்கு வந்து தேவியிடம் சொன்னேன். "அதுக்கா இத்தினி வருஷம்? நல்லாப் பாத்தீங்க ரெண்டு பேரும் குருவி!" என்று திட்டிவிட்டு, அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அழுதாள்.

ஆடியில், பங்காளி கூடு கட்டுகிற பருவத்தில், தேவியோடு ஏரிக்குப் போகிறேன். கறுப்புக் கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் கையெழுத்து. உன் இடத்தில் அவள் போடுவாள். அவளும் ரிஜெக்ட் என்றால், வாயை மூடிக்கொண்டு டீ வாங்கித் தருவேன். இது சத்தியம்.

தெருமுனையிலிருந்து இப்போதுதான் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்த,
உன் அண்ணாத்த