படத்தின் ஓரத்தில் நிற்பவர்

அம்மாவுக்கு வணக்கம். நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி கொஞ்சமாவது குறைந்ததா?

அப்பா வேலைக்கு வந்து திரும்பாத இந்தப் புறநகருக்கு இப்போது பொன்விழா. ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பெரிய மனிதர்களின் பழைய படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறேன். பாலம் கட்டிய இன்ஜினியரின் படத்தில், ஓரமாகக் கல் சுமந்து நிற்கிறவர் அப்பா மாதிரியே தலையைச் சாய்த்திருக்கிறார்.

“கூலியாள யாரு பாக்கப்போறாங்க? சட்டத்துக்குள்ள மறைச்சிடு,” என்றார் மேஸ்திரி. நான் மெல்லிய சட்டமாகப் போட்டு, முகம் தெரியும்படி மாட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு இறங்கியதில் ஏணியில் கால் வழுக்கிவிட்டது. வெறும் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

மேஸ்திரி கூப்பிடுகிறார். விழா முடிந்ததும் படங்களைக் கழற்றிவிடுவார்களாம். சுவரில் மாட்ட மனம் வராமல் அப்பா படத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களே, அதற்குள் அதை அனுப்பிவையுங்கள்; இந்த முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் மகன்