விதையோடு ஒட்டிய பஞ்சு

மார்ச் 4
இன்றிலிருந்து நான் விஞ்ஞானி. அக்கா மகளின் ஆய்வுக்கூடத்தில் 'தற்காலிக உதவியாளர்' என்று பதிந்திருக்கிறார்கள். அது அவர்கள் அறியாமை. கைக்கடிகாரம் பழுது பார்த்த கை இது. கொசுவுக்கே கொலுசு மாட்டும்.

கடலோரத்தில் குழாய் இறக்கி எடுத்த சேற்றைச் சலித்து, அதிலுள்ள விதை, இலைத் துணுக்குகளை இடுக்கியால் பொறுக்க வேண்டும். அவற்றில் உள்ள கார்பன் என்கிற கரியை அளந்து வயது சொல்வார்களாம். பழைய ராட்சத அலை ஒன்று கொட்டிய மணலுக்கு நேர் கீழே உள்ள சேறு ஒரு கைப்பிடிதான் மிச்சம். அவளுடைய பட்டமே அதில்தான் இருக்கிறது.

மார்ச் 9
சிப்பியைத் தொடக் கூடாதாம். "கடல் தண்ணில பழைய கரி இருக்கும் மாமா. சிப்பி வயசைக் கூட்டிச் சொல்லும்."
"வேர்?"
"அது பிற்பாடு இறங்கினது. குறைச்சுச் சொல்லும்."
எங்கள் அக்கா வேர் சாதி.

மார்ச் 10
கைப்பிடியும் முடிந்தது. உலக சாதனை. ஈரமாயிருந்ததால், கடிகாரச் சக்கரங்களை வைப்பதுபோல் எல்லாவற்றையும் பஞ்சு மெத்தையில் படுக்க வைத்தேன். ராஜமரியாதை.

மார்ச் 11
உருப்பெருக்கியில் குனிந்தவள் நிமிரவில்லை.
"மாமா, இதென்ன நார்?"
"பஞ்சும்மா. பத்திரமா இருக்கட்டுமேன்னு..."
"போன வருஷத்துப் பருத்தி மாமா இது! கூடப் போச்சுன்னா மொத்த வயசும் தப்பாயிடும்."
"அமிலத்துல அலசுவீங்கல்ல? போயிடாது?"
"சிப்பித் தூள்தான் கரையும். பஞ்சும் செடிதானே? இலை தாங்கினா அதுவும் தாங்கும்."
கத்தியிருந்தால் பரவாயில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
எவன்டா என்னை மெத்தை போடச் சொன்னது?

மார்ச் 12
இலைகளில் நார் பின்னிக்கொண்டுவிட்டது, அத்தனையும் குப்பைக்கு. விதைகள் வழவழப்பானவை, அவற்றைச் சுத்தப்படுத்தலாம் என்றாள். இடுக்கியை என்னிடமே நீட்டினாள்.
"நீங்களே எடுங்க. கடிகாரம் பாத்த கைதானே."
நாள் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. காய்ச்சலா என்று கூடக் கேட்டார்கள்.

மே 20
முடிவு வந்துவிட்டது. விதைகளுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் வயது. மேல் அடுக்கைவிட மூப்பு, கீழ் அடுக்கைவிட இளமை, வரிசை பிசகவில்லை. கூடவே 'முப்பது வருடம் முன்னே பின்னே' என்று ஒரு வால். இவ்வளவு படித்தும் அடித்துப் பேசத் தெரியவில்லை, பாவம்.

மே 21
அக்கா வீட்டில் சாப்பாடு. "அவ ஜெயிச்சா. நீ என்னடா கிழிச்சே?" என்றாள் அக்கா.
கடலையே கலக்கின கதை நுனிநாக்கு வரை வந்தது. எதிரில் அக்கா மகள் சோற்றைப் பிசைந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"விதை பொறுக்கினேன்."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
அக்கா தன் மகள் பக்கம் திரும்பினாள். "இவன் எதையோ மறைக்கிறான்டி."