ஆறு கோடுகளும் ஒரு வெறுங்குழாயும்

அன்புள்ள மருமகளே,

திருச்செந்தூர் போய்வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி இன்று காலை பன்னீர் இலையில் திருநீறு கொண்டுவந்து கொடுத்தார். பிரித்ததும் அந்த வாசனை. விரலில் தொட்டேன். நெற்றிக்குப் போகிற வழியில் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நீ போய்விட்டாய் என்று போன மாதம் போன் வந்தபோதும் இப்படித்தான். கையிலிருந்த காப்பியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மூன்று உலகமும் நடுங்க அழுவேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளில் என் அக்கா மகளான நீ ஆராய்ச்சி மாணவி, நான் மாட்டாஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பர். என் கணக்கில், பாண்டிய நாட்டுப் பசுக்குலத்தின் வம்சவிருத்திக்கே அதிபதி. சினை ஊசி மருந்து கெடாமலிருக்க அங்கே திரவ நைட்ரஜன் வரும். உன் ஆராய்ச்சிக்கும் அதே குளிர்தான் வேண்டியிருந்தது. பெரிய டாக்டரிடம் கேட்டு, மிஞ்சியதைக் கேனில் ஊற்றிப் பஸ்ஸில் கொண்டுவருவேன். மூடி இடுக்கில் புகை வரும். "என்னவே அது?" என்பார் கண்டக்டர். "இமயமலைவே. ஒரு துண்டு உடைச்சுக் கொண்டு போகுதேன்" என்பேன்.

ஒரு படிகத்தைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, காந்தத்துக்கு நடுவில் இறக்கி, மைக்ரோ அலை பாய்ச்சுவாய். ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ளே இருந்தால் அசைந்து கொடுக்கும். தாளில் ஓடுகிற பேனா நெளியும். எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் பிடித்துவிட வேண்டும், உன் டாக்டர் பட்டமே அதற்குத்தான். மாதக்கணக்கில் பேனா நெளியவே இல்லை.

"ஏட்டி, திசையன்விளை வரைக்கும் நேர்கோடு போடவா சர்க்கார் ஒனக்குப் பணம் குடுக்கு?"

"கோடு நேரா இருந்தா உள்ள ஒண்ணுமில்லன்னு இல்ல மாமா. நமக்கு இன்னும் எட்டலன்னுதான்."

பிறகு ஒருநாள் கேனோடு நுழைந்தால் நீ துள்ளிக்கொண்டிருக்கிறாய். தாளில் வரிசையாக ஆறு நெளிவு, உன் பாஷையில் ஆறு கோடுகள். ஆறு வந்தால் அது மாங்கனீஸ், படிகத்துக்குள் துளியூண்டு இருக்கிறது, கருவி அதைப் பிடித்துவிட்டது என்றாய். பேராசிரியர் கட்டுரையை டைப் அடிக்க வைத்து, உறையும் ஒட்டியாயிற்று. மத்தியானத் தபாலில் போக வேண்டும். நான் சும்மா இருப்பேனா?

"ஆறா! ஆறுமுகன்லா வந்து நிக்கான்! புதுக் குழாய்க்குத் திருநீறு வச்சேல்லா, அதுக்குக் கைமேல பலன்!"

உன் சிரிப்பு நின்றது. புதிதாக எது வந்தாலும் திருநீறு தொட்டு வைக்காமல் நம் வீட்டில் தொடங்குவதில்லை. நீயும் வைத்தாய், வைத்துவிட்டுத் துடைக்கவும் செய்தாய்.

"வெறுங்குழாயப் போட்டுப் பாப்போம் மாமா" என்றாய், மெதுவாக.

இன்னொரு குழாயைக் கழுவி வெறுமையாகவே இறக்கினாய். பேனா நேராகப் போனது. அதை வெளியே எடுத்து, திருநீறு தொட்டு, துடைத்து, மறுபடி இறக்கினாய். ஆறு கோடுகள்.

"மாட்டுச் சாணிச் சாம்பல்லா மாமா. மாடு தின்ன புல்லுல உள்ள மாங்கனீஸு."

குளிரும் என் மாட்டிடமிருந்து, கோடும் என் மாட்டிடமிருந்து. அண்டசராசரத்தில் இப்படியொரு கௌரவம் வேறெந்த ஸ்டோர் கீப்பருக்கும் கிடைத்திராது.

"யாருக்குத் தெரியப்போகு? முருகனே மூச்சு விடமாட்டான்" என்றேன்.

"எங்கயோ இன்னொருத்தன் இதச் செஞ்சு பாப்பான் மாமா. வரலன்னா அவன் கையத்தான் அவன் சந்தேகப்படுவான்."

உறையை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாய். அவர் போட்ட சத்தத்தில் களக்காட்டுப் புலி குட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறியிருக்கும். திரும்பி வந்தாய். கண் சிவந்திருந்தது. "கேனத் திறங்க மாமா" என்றாய். முதலிலிருந்து தொடங்கினாய். பட்டம் பிந்தித்தான் வந்தது.

கடைசியில் உன் நெற்றியிலும் திருநீறு பூசினார்கள். பக்கத்தில்தான் நின்றேன். எல்லோரும் அழுதார்கள். எனக்குள் பேனா ஒரு மயிரிழைகூட நெளியவில்லை. வீட்டுக்கு வந்தும் இல்லை. ஊருக்கெல்லாம் கதை அளக்கிற வாய்க்கு உன்னைப் பற்றி ஒரு பொய்கூட வரவில்லை.

விரலில் திருநீறு இன்னும் அப்படியே இருக்கிறது. பூசவும் இல்லை, துடைக்கவும் இல்லை. நீ அன்று நேர்கோட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோடு நேராகத்தான் போகிறது, ஏட்டி. நான் எழுந்து போகவில்லை.

உன் மாமா